ஆயிரத்துக்கு ஐந்து

ரொறன்ரோ
21 ஏப்ரல் 2009

கிளடிஸ்,

வழக்கமாகக் கடிதத்தின் உச்சியில் ஒரு சிலுவை போட்டுத்தான் தொடங்குவேன். இன்றைக்குப் போடவில்லை. கீழே வரப்போகிற பாஷையை ஆண்டவர் வாசிக்கத் தேவையில்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். நீதான் உயிர்த்த ஞாயிறன்று, "அண்ணை, பெருநாளும் அதுவுமாய் உங்கட குலைப்பைக் கேக்க எனக்கு ஏலாது" என்று வைத்துவிட்டாயே. கூப்பிட்டவன் நான். போன் கார்ட்டும் என்னுடையது. மிச்சம் கிடந்த நாற்பது நிமிடத்தை உன் அண்ணி அன்ரனெற்றின் தமக்கையோடு பேசித் தீர்க்க வேண்டி வந்தது. அந்தத் தண்டனைக்கு உனக்கு மன்னிப்பே கிடையாது. அன்று நீ கேட்ட கேள்வி என்ன? "றொய்சன் எப்பிடி இருக்கிறான்?" என் மகன் தூரத்தில், கல்கரியில், எண்ணெய்க் கொம்பனியில், நல்ல வேலையில் இருக்கிறான் என்று இங்கே ஸ்காபரோ முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். ஒன்றரை வருஷமாக எல்லோரும் நம்புகிறார்கள். அவன் இந்த ஊரில்தான் ஓர் ஆணோடு குடித்தனம் நடத்துகிறான், அவனை வீட்டை விட்டுப் போகச் சொன்னவன் நான் என்பது எனக்கும் அன்ரனெற்றுக்கும் உனக்கும் மட்டும் தெரிந்த கதை. தெரிந்தவள் கேட்கலாமா?

அது கிடக்கட்டும். இப்போது கேட்க வேண்டியவன் நான்.

போன ஞாயிறு அமெரிக்கத் துணைத்தூதரகத்துக்கு முன்னால் குளிரில் நிற்கிறோம். என் கையில் பதாகை. தொண்டை கிழியக் கத்துகிறேன். ரெக்ஸ்டேல் அருள்நாயகம் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து காதுக்குள் வாயை வைக்கிறான். அவனுடைய மனைவியின் தமையன்தான் உங்கள் பலெர்மோ இக்னேசியஸ் என்பது உனக்குத் தெரியும். அங்கே இக்னேசியஸுக்கு இருமல் வந்தால் இங்கே ரெக்ஸ்டேலில் தும்முவார்கள்.

"பஸ்ரியன் அண்ணை, உங்கட தங்கச்சி பலெர்மோவில முப்பத்தேழு குடும்பத்தின்ர வரியை அந்த ஆக்களுக்கு எழுதிக் குடுத்திட்டாவாம்."

"எந்த ஆக்களுக்கு?"

"உந்த வானவில் கொடி பிடிக்கிற ஆக்கள், அண்ணை."

என் கையில் இருந்த தடியில் 'போரை நிறுத்து' என்று எழுதியிருந்தபடியால் அருள்நாயகம் தப்பினான்.

கிளடிஸ், ஜனவரியில் உனக்கு எவ்வளவு விளக்கமாக எழுதினேன்! உங்கள் இத்தாலியில் எங்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. இங்கே நாங்கள் கைக்காசைத் தானம் கொடுத்து, ரசீது வாங்கி, வரியில் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். உங்களுக்கோ, அரசாங்கம் எப்படியும் எடுக்கப்போகிற வரியிலேயே ஆயிரத்துக்கு ஐந்தை எந்தச் சங்கத்துக்குக் கொடுக்கலாம் என்று ஒரு பெட்டிக்குள் எழுதினால் போதும். சங்கத்தின் பதினொரு இலக்க எண், கீழே கையெழுத்து. கையிலிருந்து ஒரு சதம் போகாது. வன்னிக்கு மருந்து அனுப்புகிற மிஷன் இல்லத்தின் எண்ணைத் தேடி எடுத்து, சரிபார்த்து, உனக்கு அனுப்பினேன். பலெர்மோ தமிழர் எல்லோருக்கும் படிவம் நிரப்புகிறவள் நீ என்று பெருமைப்பட்டேன். மில்லிக்கன் பிளாசாவில் சேலைக்கடைக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் நடுவில் பதினேழு வருஷமாக இன்கம் டக்ஸ் செய்கிறேன். தலையில் மயிர் போயிற்று, உடம்பில் சீனி ஏறிற்று, ஆனால் ஒரு படிவம் பிழைத்ததில்லை. என் தங்கை பதினொரு இலக்கத்தைப் பார்த்தெழுதமாட்டாளா?

அங்கே பதுங்குகுழிக்குள் பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கின்றன. காயத்துக்குக் கட்டத் துணியில்லாமல் சேலையைக் கிழிக்கிறார்கள். நீ வானவில்லுக்கு எழுதிக் கொடுக்கிறாய்! வேறு நேரமே கிடைக்கவில்லையா? வேறு சங்கமே கிடைக்கவில்லையா? அல்லது என் முகத்தில் கரி பூசத்தான் தேடிப் பிடித்தாயா?

உங்கள் கோயில் மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால் நின்று பிழை என்று சொல். முப்பத்தேழையும் திருத்து. திருத்திவிட்டு எழுது.

மூத்தவன் என்ற பதவியில் இன்னும் இருப்பதாக நினைக்கும்
பஸ்ரியன்


பலெர்மோ
2 மே 2009

அண்ணை,

நான் பராமரிக்கிற அம்மா பகலில் ஒன்றரை மணி நேரம் தூங்குவார். அதற்குள் எழுதி முடிக்க வேண்டும். ஆகவே உங்களைப் போல் எனக்கு அலங்காரம் வராது.

நடந்தது இதுதான். இங்கே வீட்டு வேலை செய்கிற எங்கள் சனம் எல்லாம் வரிப் படிவத்தோடு என்னிடம்தான் வரும். இந்த வருஷம் முதுகு வலி. என்னுடையதை நிரப்பி, பெயருக்கு மேல் பிளாஸ்ரர் ஒட்டி, பூசை முடிந்து கூடுகிற மண்டபச் சுவரில் மாதிரிக்கு மாட்டினேன். அதற்குக் கீழே றோஸ் கடதாசியில் உங்கள் மிஷன் இல்லத்தின் எண்ணைப் பெரிதாக எழுதி, "இந்தப் பெட்டிக்கு மட்டும் இந்த எண்ணை எழுதவும்" என்று தமிழில் குறிப்பும் குத்தினேன்.

மாதிரி என்று ஒன்றைக் கண்டால் எங்கள் சனம் குறிப்பை வாசிக்குமா? என் பெட்டியில் எனக்கென்று நான் எழுதியிருந்த வேறு சங்கத்தின் எண்ணை அப்படியே பார்த்தெழுதிவிட்டார்கள். ஒருவர் என் பிறந்த திகதியையும் சேர்த்து எழுதியிருக்கிறார். இக்னேசியஸ் அண்ணை, ஞானோபதேசம் படிப்பிக்கிற மனிதர், ஆண் பெண் என்று கேட்கிற இடத்தில் பெண் என்று புள்ளடி போட்டுக் கையெழுத்தும் வைத்திருக்கிறார். அந்த எண் யாருடையது என்று தேடிப் பிடித்துச் சொன்னவர், இதை மட்டும் ரெக்ஸ்டேலுக்குச் சொல்லியிருக்கமாட்டார்.

இப்போது செபமாலைக் கூட்டத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலிகள் இரண்டும் காலி. பூசையில் கைகொடுத்துச் சமாதானம் சொல்கிற நேரத்தில் கையைப் பைக்குள் வைத்துக்கொள்கிறார்கள். இருந்தும் முப்பத்தாறு படிவத்தையும் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். முப்பத்தேழாவதைத் திருத்தமாட்டேன். அது என்னுடையது. அது பிழையில்லை.

ஓம் அண்ணை. தெரிந்துதான் எழுதினேன். அந்தச் சங்கம் ஆணை விரும்புகிற ஆண்கள், பெண்ணை விரும்புகிற பெண்கள், ஆணாய்ப் பிறந்து பெண்ணாய் வாழ்கிறவர்கள், இவர்கள் எல்லோருடைய உரிமைக்கும் நிற்கிறது. அவர்கள் நடத்துகிற வீட்டில் ஒரு மேசை இருக்கிறது. வியாழக்கிழமை பின்னேரம் எங்களுக்கு லீவு. நான் அந்த மேசைக்குப் போகிறேன். அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்ற இன்னும் ஆறு தாய்மார் பேசிக்கொண்டிருக்க வருவார்கள். எனக்குப் பிள்ளையில்லை, ஆனாலும் என்னையும் தாய் என்ற கணக்கில்தான் வைத்திருக்கிறார்கள். கோயிலுக்கு ஆயிரத்துக்கு எட்டு எழுத வேறு பெட்டி இருக்கிறது. அதிலும் கையெழுத்து வைத்தேன். ஆண்டவருக்குக் குறை வைக்கவில்லை.

மருந்து என்கிறீர்கள். ஆயிரத்துக்கு ஐந்து இத்தாலி அரசாங்கத்தின் கையிலிருந்து வெளியே வர இரண்டு வருஷம் செல்லும். இன்கம் டக்ஸ்காரனுக்கு நான் சொல்லித் தர வேண்டுமா? மருந்துக்காக மார்ச் மாதம் எங்கள் அம்மா தந்த காப்பிரண்டையும் கழற்றிக் கொடுத்தேன். உங்களுக்குச் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் அதைப் பிளாசாவில் சொல்லித் திரிவீர்கள்.

இப்போது நான் கேட்கிறேன். என் பெட்டியைப் பற்றி இவ்வளவு கத்துகிறீர்களே, றொய்சனுடைய பெட்டியில் என்ன எழுதினீர்கள்?

எனக்குத் தெரியாதென்று நினைத்தீர்களா? நீங்கள் அவனைத் துரத்திய பிறகும் அவன் தன் சம்பளச் சீட்டையெல்லாம் ஓர் உறையில் போட்டு உங்கள் அலுவலகத்துக்கு அனுப்புகிறான். கடிதம் கிடையாது. நீங்களும் ஒன்றும் பேசாமல் செய்து அனுப்புகிறீர்கள். அப்பனும் மகனும் பேசிக்கொள்கிற ஒரே பாஷை அது. படிவத்தில் முன்கூட்டியே கையெழுத்து வைத்து அனுப்புகிறான், "அப்பா பிழை விடமாட்டார் மாமி" என்று. இந்த வருஷம் உறைக்குள் ஒரு துண்டும் வைத்தானாம்: நானும் ராம்குமாரும் துணைகளாக வாழ்கிறோம், குடும்ப நிலை என்ற இடத்தில் அதைப் போடுங்கள் என்று. உரிமைச் சங்கத்துக்குக் கொடுத்த நன்கொடைக்கு ரசீதும் வைத்தானாம். வரி அலுவலகம் திருப்பி அனுப்பிய கடிதத்தில் ரசீது சேரவில்லை. குடும்ப நிலை, தனியாள்.

அவன் அழவில்லை அண்ணை. சிரித்துக்கொண்டு சொன்னான். அவன் அப்படிச் சிரிப்பது எனக்குப் பயம்.

அம்மா எழும்பிவிட்டார்.

கிளடிஸ்


ரொறன்ரோ
13 மே 2009

கிளடிஸ்,

ஓம்! தனியாள் என்றுதான் போட்டேன். போடுவேன். என்ன செய்யப்போகிறாய், இக்னேசியஸிடம் சொல்லப்போகிறாயா?

என் கணினியில், என் விரலால், என் மகனின் பெயருக்குப் பக்கத்தில் ராம்குமார் என்று அடிக்கச் சொல்கிறாயா? திருச்சிக்காரனாம். மென்பொருள் எழுதுகிறவனாம். மீன் தொடாதவனாம்! கணவாய்க் கறி என்றால் உயிரை விடுகிற என் பிள்ளை கத்தரிக்காய் வாசத்தோடு வாழ்கிறான். இதையும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை. உன் கடிதத்தை அன்ரனெற்றின் முகத்துக்கு முன்னால் ஆட்டியபோது அவளாகவே சொன்னாள். வியாழக்கிழமைகளில் செபக்கூட்டம் என்று புறப்பட்டுப் போவாளே, போனது அங்கேதானாம். பெட்டியோடு பிட்டும் கணவாயும். "அந்தப் பொடியன் மூக்கைச் சுளிக்காமல் பக்கத்தில இருந்து சாப்பிடுறான். அவனுக்கு உருளைக்கிழங்கு தனியாச் செய்து கொண்டு போறனான்" என்கிறாள். பலெர்மோவில் வியாழன், ஸ்காபரோவில் வியாழன்! உலகத்துப் பெண்களெல்லாம் வியாழக்கிழமை கூடி என்னை ஏமாற்றுகிறீர்கள். கல்கரிக்குத் தபால் அனுப்புவதாக நடித்துக்கொண்டிருந்த மடையன் நான் ஒருவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும் கேள். அதுவும் உன்னால்தான். உன் கடிதம் மனதைக் குழப்பாமல் இருந்திருந்தால் வேறு மாதிரி நடந்திருப்பேன்.

அன்னையர் தினம். பின்னேரம் திடீரென்று சனம் பாதையை மறிக்கக் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறுகிறது. டிவியில் பார்த்திருப்பாய். நானும் ஏறினேன். ஐம்பத்துமூன்று வயது, சீனி வருத்தம், கோயிலுக்குப் போட்ட சப்பாத்து. பாதி ஏற்றத்தில் மூச்சு நின்றுவிட்டது. இனத்துக்காக ஓடுகிறவனைப் பின்னாலிருந்து அன்ரனெற் தள்ளிக்கொண்டு வந்தாள். வாகனம் ஒன்றுமில்லாத ஆறு பாதையில் நடு வெள்ளைக்கோட்டில் போய் இருந்தோம். பக்கத்தில் அருள்நாயகம். முன்னால் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார். பொலிஸ் குதிரைகள். செத்தவர்களின் படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர் சத்தமே இல்லாமல் நிற்கிறார்.

அப்போது தண்ணீர்ப் போத்தல்களோடு நாலைந்து இளசுகள் வரிசை வரிசையாக வந்தார்கள். அதில் ஒருவன் றொய்சன்.

மெலிந்துபோய்த் தாடியும் விட்டிருக்கிறான். எனக்கு முன்னால் வந்து குந்தினான்.

"அப்பா, தண்ணி குடியுங்கோ. சீனிக் குளிசை போட்டனீங்களோ?"

என் கை நீண்டது, கிளடிஸ். நீட்டினேன் என்று சொல்லமாட்டேன், அதுவாக நீண்டது. அப்போது அருள்நாயகம் எட்டிப் பார்த்தான்.

"உது உங்கட றொய்சனெல்லே? கல்கரியில எல்லோ நிண்டவர்?"

"இல்லையடாப்பா," என்றேன். "ஆளை மாறிப் பாக்கிறாய். உது ஆரோ பொடியன்."

கையை இழுத்துக்கொண்டேன். அவன் போத்தலை என் சப்பாத்துக்குப் பக்கத்தில் றோட்டிலே வைத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்கப் போனான்.

அன்ரனெற் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் போத்தலை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. மூன்று நேரமும் என் கோப்பைக்கு முன்னால் அந்தப் போத்தலைக் கொண்டுவந்து வைக்கிறாள். நான் தொடுவதில்லை. குழாய்த் தண்ணீர் குடிக்கிறேன்.

எங்கள் இனமே அழிகிறபோது உங்களுக்கெல்லாம் ஒரு பெட்டியும் ஒரு புள்ளடியும்தான் பெரிதாகப் போயிற்று. எனக்குக் கோபம் வருகிறது. யாரோடு என்று மட்டும் கேட்காதே.

பஸ்ரியன்


பலெர்மோ
24 மே 2009

அண்ணை,

சண்டை முடிந்தது என்று அறிவித்துவிட்டார்கள். மண்டபத்தில் ஒருவரும் பாடவில்லை. பூசைக்குப் பிறகும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. அன்றைக்கு என் பக்கத்து நாற்காலி காலியாக இல்லை. யார் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்று பார்க்க ஒருவருக்கும் தெம்பில்லை.

உங்கள் கடிதம் அடுத்த நாள் வந்தது.

ஆரோ பொடியன்.

பெரிய வெள்ளிக்கிழமை வாசிப்பில் ஆண்டவரைத் தெரியாது தெரியாது என்று சொல்கிற மனிதர் வெளியே போய் அழவாவது செய்தார். நீங்கள் குழாய்த் தண்ணீர் குடிக்கிறீர்கள்.

அந்தச் சங்கத்துக்கு ஏன் எழுதினேன் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. இரண்டு கடிதத்திலும் கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன்.

போன வருஷம் பெப்ரவரியில் றொய்சன் இங்கே வந்தான். தனியாக, மூன்று கிழமை. சுற்றிப் பார்க்க வந்தேன் மாமி என்றான். ஒன்றையும் சுற்றிப் பார்க்கவில்லை. என் வீடு நாலாம் மாடி என்பது உங்களுக்குத் தெரியும். ஒருநாள் மத்தியானம் உடுப்புக் காயப்போட பல்கனிக்குப் போனேன். அவன் கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்கவில்லை. அந்தப் பக்கம் நின்றான்.

எப்படி இழுத்தேன் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகுதான் முதுகு வலி.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பங்கு ஸ்வாமியிடம் போகப் பயம், உங்களிடம் சொல்ல அதைவிடப் பயம். கீழ்வீட்டுப் பெண்தான் அந்தச் சங்கத்துக்குப் போன் அடித்தாள். அரை மணித்தியாலத்தில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஆணாய்ப் பிறந்து பெண்ணாய் வாழ்கிறவர், பெரிய கை, பெரிய குரல். மூன்று நாள் மாறி மாறி அவனுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். டொக்டரிடம் கூட்டிப் போனார்கள். எனக்குச் சமைத்தும் தந்தார்கள். என்னிடம் ஒரு சதம் கேட்கவில்லை. ராம்குமார் ரொறன்ரோவிலிருந்து வேலையை விட்டுவிட்டு வந்திறங்கியபோது, என்னைக் கட்டிப்பிடித்து "அத்தை" என்று அழுதான். அந்தக் கத்தரிக்காய்க்காரன்தான்.

வருஷத்துக்கொருமுறை ஒரு பெட்டி நிரப்புகிறேன் அண்ணை. உங்கள் பிள்ளையின் உயிருக்கு அதுதான் நான் கொடுத்தது. நீங்கள் என்ன கொடுத்தீர்கள்? தனியாள்.

இங்கே எத்தனையோ தாய்மார் வன்னியில் தொலைந்த பிள்ளையின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு போனுக்கு முன்னால் இருக்கிறார்கள். உங்களுக்குப் பிள்ளையின் பெயர் தெரியும், விலாசம் தெரியும், போன் நம்பரும் தெரியும்.

அந்தப் படிவம் சரியாகும்வரை எனக்கு எழுத வேண்டாம். எழுதினால் திறக்காமல் திருப்பி அனுப்புவேன். முத்திரைக் காசு என்னுடையதாய் இருந்தாலும் பரவாயில்லை.

கிளடிஸ்


ரொறன்ரோ
16 ஜூன் 2009

கிளடிஸ்,

திருப்பி அனுப்பாதே. படிவம் சரி. உறையின் பின்பக்கத்திலும் அதை எழுதியிருக்கிறேன், திறக்கமாட்டாய் என்ற பயத்தில்.

உன் கடிதம் வந்த நாளை நான் எழுதப்போவதில்லை. எனக்கு அதற்கு எழுத்து வராது. பகடி விட்டுக்கொண்டே ஐம்பத்துமூன்று வயதுவரை வந்துவிட்டேன். அன்றைக்குப் பகடியெல்லாம் எங்கேயோ போய்விட்டது, கூப்பிட்டும் வரவில்லை. அன்ரனெற்றுக்கும் தெரிந்திருக்கவில்லை. அவளிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டுக் காருக்குள் போய் இருந்தேன். எங்கும் ஓட்டிப் போகவில்லை. சும்மா இருந்தேன்.

ஆனால் அதற்குப் பிறகும் நான் நல்லவனாக மாறிவிடவில்லை. அதையும் சொல்ல வேண்டும். உன்மேல்தான் கோபம் வந்தது. ஒன்றேகால் வருஷம் இதை எப்படி என்னிடம் மறைத்தாய்? பிறகு, சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆகவே உன்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனேன்.

வேலை என்றால், இங்கே சனசமூக மண்டபத்தில் காணாமல் போனவர்களைத் தேடுகிற படிவம் நிரப்புகிறார்கள். படிவம் என்றால் பஸ்ரியன்தானே. ஒரு மேசையும் பேனையும் தந்து இருத்திவிட்டார்கள். ஐந்து நாள் இருந்தேன். பெயர், வயது, அடையாளம். ஆறாவது கேள்வி: கடைசியாக எங்கே, எப்போது கண்டீர்கள்? ஒவ்வொருவரும் அந்தக் கேள்வியில் வந்து நின்றுவிடுவார்கள். நான் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன்.

ஐந்தாம் நாள் பாலேஸ்வரி என்று ஒருத்தி, மகனைத் தேடுகிறவள். பத்தொன்பது வயதாம். படிவம் முடிந்து எழும்பும்போது மரியாதைக்குக் கேட்டாள்.

"உங்களுக்கு எத்தினை பிள்ளையள் அண்ணை?"

"ஒண்டுதான்."

"எங்க இருக்கிறார்?"

வாயைத் திறந்தேன். ஒன்றரை வருஷம் பழகிய வாய். கல்கரி வரவில்லை.

"இஞ்சதான்," என்றேன். "ஸ்காபரோவில."

"குடுத்து வைச்சனீங்கள்," என்றாள். "பக்கத்திலயே வைச்சிருக்கிறியள்."

குத்திச் சொல்லவில்லை, கிளடிஸ். மனதார வாழ்த்திவிட்டுப் போனாள். கன்னத்தில் அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். ஆறாவது கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது: மே பத்து, கார்டினர் நெடுஞ்சாலை, கையில் தண்ணீர்ப் போத்தல்.

அலுவலகத்துக்குப் போய்த் திருத்தப் படிவத்தை எடுத்தேன். பதினேழு வருஷத்தில் என் பிழைக்காக நான் எடுத்த முதல் திருத்தப் படிவம். அதற்கு அவன் கையெழுத்து வேண்டும். போன் அடித்தேன். அவன் "ஹலோ" என்றதும் எனக்குத் தெரிந்த ஒரே குரலில்தான் பேச முடிந்தது.

"இன்கம் டக்ஸ் ஒஃபிஸிலை இருந்து கதைக்கிறன். உங்கட படிவத்தில எங்கட பக்கம் ஒரு பிழை நடந்திருக்கு. கையெழுத்து வைக்க வர வேணும்."



"எத்தினை மணிக்கு வர வேணும், சேர்?" என்றான்.

என் பிள்ளைதான். சந்தேகமில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு வந்தார்கள், இருவரும். அன்று காலைதான் அந்தப் போத்தலைத் திறந்து குடித்தேன். பிளாஸ்ரிக் மணத்தது. அன்ரனெற் வெறும் போத்தலை எடுத்து மறுசுழற்சிப் பெட்டிக்குள் போட்டாள். ஐந்து கிழமைக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை: "வேற சேட்டுப் போட்டுக்கொண்டு போங்கோ."

ராம்குமார் நான் நினைத்ததைவிட உயரத்தில் கட்டை. "வணக்கம் அங்கிள்" என்றான். கொத்துரொட்டிக் கடை மணத்துக்குக் கொஞ்சம் திணறினான், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்துக்குள் ஒளிந்தேன்.

"எந்தத் திகதியில இருந்து ஒண்டா இருக்கிறியள்?"

றொய்சன் சொன்னான். "2007 டிசம்பர் ஒன்பது. நீங்கள் என்ர சூட்கேசை வாசல்ல வைச்ச அண்டைக்கு."

கிளடிஸ், இங்கே சட்டம் இதுதான்: பன்னிரண்டு மாதம் சேர்ந்து வாழ்ந்தால் துணை. ஆண், பெண் என்ற பேதம் சட்டத்துக்கு இல்லை. 2008 முடிகிறபோது அவர்களுக்குப் பன்னிரண்டு மாதமும் மூன்று கிழமையும். புது வருஷம் பிறந்த பிறகு துரத்தியிருந்தால் நான் போட்ட 'தனியாள்' சரியாகப் போயிருக்கும். என் பிழையை நானே நாள் பார்த்துத்தான் செய்திருக்கிறேன். அந்தத் திகதியை என் கையால் எழுதினேன். ஒன்பது என்ற இலக்கம் வளைந்துபோயிற்று. அழித்து மறுபடி எழுதினேன்.

"டேய், பலெர்மோவில..." என்று தொடங்கினேன்.

"பிறகு கதைப்பம் அப்பா," என்றான். "முதல்ல உதை முடியுங்கோ." அவன் இன்னும் என்னோடு கோபம். முகத்தில் தெரிகிறது. இருக்கட்டும், அது அவனுக்குள்ள உரிமை. நான் அதற்கு ரசீது கேட்கப்போவதில்லை.

ரசீது என்றதும் ஞாபகம். மேசை லாச்சியில் ஸ்ரேப்ளருக்குக் கீழே இருந்த அந்த நன்கொடை ரசீதை எடுத்து வைத்தேன்.

"நீங்கள் உதைக் கிழிக்கேல்லையோ?"

"நான் இன்கம் டக்ஸ்காரன்ரா. ரசீது கிழிக்கிறதில்லை."

அவன் சிரித்தான். நீ பயப்படுகிற அந்தச் சிரிப்பா என்று உற்றுப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. இனிமேல் படிக்க வேண்டும்.

அடுத்த வருஷமும் நீ அந்தப் பெட்டியில் அதே பதினொரு இலக்கத்தையே எழுது. என்னுடைய பெயரிலும் இங்கே ஒரு ரசீது வந்திருக்கிறது, றொய்சன் கொடுத்த அதே சங்கத்திலிருந்து. பிளாசாவில் சொல்லித் திரியவில்லை. உனக்கு மட்டும். அந்தப் பெரிய கை, பெரிய குரல் மனுஷியிடம் என் பெயரைச் சொல்லி ஏதாவது சொல். என்ன சொல்வதென்று உனக்குத்தான் தெரியும்.

கையெழுத்து வைத்துக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. அருள்நாயகம். எல்லாச் சனிக்கிழமையும் ஏதாவது ஒரு கடதாசியைச் சாட்டாக வைத்துக்கொண்டு வருவான்.

"ஓ! தம்பி எப்ப கல்கரியில இருந்து வந்தவர்?"

"அவன் கல்கரிக்குப் போகவே இல்லை," என்றேன். "நான்தான் அனுப்பி வைச்சனான். அண்டைக்குக் கார்டினரில தண்ணி தந்ததும் உவன்தான். நான் பொய் சொன்னனான்."

அருள்நாயகத்தின் வாய் திறந்தபடி நின்றது. பிறகு கண் மெல்ல ராம்குமார் பக்கம் திரும்பியது.

"அப்ப, உவர் ஆர்?"

சொல்ல வேண்டிய சொல்லைத் தேடினேன். தமிழில் வரவில்லை, ஆங்கிலத்திலும் வரவில்லை. றொய்சனைப் பார்த்தேன். தலையாட்டினான். படிவத்தை அருள்நாயகத்தின் பக்கம் திருப்பி, குடும்ப நிலை எழுதியிருந்த பெட்டியில் விரலை வைத்தேன். அவன் சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து, ஆறுதலாக வாசித்தான்.

இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கும் முன்பே செய்தி இக்னேசியஸ் வழியாக வந்து சேர்ந்திருக்கும். அவனை மறுக்காதே. இந்த முறை அவன் சொல்வது சரி.

பஸ்ரியன்